டெபாசிட் பணம் திரும்பி வரவில்லை: டான்பிட் சட்டத்தில் யார் குற்றவாளி, பணம் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத நிறுவனங்கள் மீது பாய்வது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். கோர்ட் வளாகத்திலும் செய்தித்தாளிலும் இதற்குப் பெயர் 'டான்பிட்'. பணம் போட்டவர்களும், சில சமயம் பணம் வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

வாங்கிய பணத்தைத் தரவில்லை என்றால் அது சிவில் வழக்குதானே? போலீஸுக்கு இதில் என்ன வேலை?

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்த 50,000 ரூபாய் என்றால் நீங்கள் சொல்வது சரி. அதில் மோசடி வழக்கு நிற்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 1990-களில் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இழுத்து மூடியபோது, பங்குதாரர்கள் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்: "ஏமாற்ற நினைக்கவில்லை, தொழில் நொடித்துவிட்டது."

அந்தக் கயிற்றை அறுக்கத்தான் டான்பிட் வந்தது. அதன் 5-ஆம் பிரிவைப் படித்தால், ஏமாற்றும் எண்ணம் என்ற பேச்சே அதில் இல்லை. டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை, வட்டியைத் தரவில்லை, பொருளாகத் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை, சேவை செய்வதாகச் சொன்னதைச் செய்யவில்லை என இவற்றில் ஒன்று நடந்தாலே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள் தண்டனைக்கு உரியவர்கள். இப்படி ஒரு சட்டம் போட மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011 மார்ச்சில் கே.கே. பாஸ்கரன் வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. "இது சிவில் மேட்டர்" என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், 5-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

நான் கொடுத்தது 'டெபாசிட்'தானா? ரசீதில் 'கடன்' என்று போட்டிருக்கிறதே.

ரசீதில் என்ன பெயர் இருக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணமோ மதிப்புள்ள பொருளோ வாங்கினால் அது டெபாசிட். வட்டி, போனஸ், லாபம் எதுவும் பேசப்படாமல் இருந்தாலும் சரி. திருப்பித் தருவது பணமாகவோ பொருளாகவோ சேவையாகவோ இருக்கலாம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்ததை நினைத்துப் பாருங்கள். வாங்கியது 'கோழி விலை', கொடுத்தது 'பராமரிப்புக் கூலி' என்று காகிதம் சொன்னது. அந்தப் பண்ணைகள் மீது பாய்ந்ததும் டான்பிட்தான். மகாராஷ்டிராவில் இதே மாதிரியான சட்டத்தின் கீழ் வந்த 63 மூன்ஸ் வழக்கில், டெபாசிட் என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் 2022-இல் விரிந்த பொருளே கொடுத்தது.

பிராமிசரி நோட்டும் இதே கதைதான். நூறு பேருக்கு ஒரே அச்சில், ஒரே வட்டியில் நோட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தனிப்பட்ட கடன் என்று நம்ப வைப்பது கடினம்.

டெபாசிட் கணக்கில் வராதவையும் உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிகளுக்கு உட்பட்ட பங்கு, கடன் பத்திரம், கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் போட்ட மூலதனம், வங்கிகளிடம் வாங்கிய கடன், வழக்கமான வியாபாரத்தில் பெறும் டீலர்ஷிப் டெபாசிட், பொருளுக்கான முன்பணம், சீட்டுத் தவணை. பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் தவணைப் பணம் சிக்கினால் முதலில் போக வேண்டிய இடம் சீட்டுப் பதிவாளர் அலுவலகம். ஆனால் அதே நிறுவனம் "எடுத்த சீட்டுப் பணத்தை எங்களிடமே எஃப்.டி. போடுங்கள்" என்று வாங்கி வைத்திருந்தால், அந்தத் தொகை சீட்டுத் தவணை இல்லை. அதற்கு டான்பிட் பொருந்தும். ஒரே நிறுவனத்தில் உங்களுக்கு இரண்டு வகைப் பணம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். கலந்து எழுதிய புகார்கள்தான் இழுபறியாகின்றன.

நகைக்கடை மாதத் திட்டங்கள் ஏன் எல்லாமே 11 மாதம்?

பொருளுக்கான முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால், கம்பெனிகள் சட்டத்தின் டெபாசிட் விதிகளின்படி அது டெபாசிட் ஆகாது. அதனால்தான் 11 தவணை வாங்கிக்கொண்டு 12-ஆம் மாதம் நகையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 24 மாதத் திட்டம், அல்லது "நகை வேண்டாம் என்றால் 2 சதவீத மாத வட்டியோடு பணமாகவே வாங்கிக்கொள்ளலாம்" என்ற திட்டம் இந்தக் கூரைக்குக் கீழே நிற்காது. 11 மாதத் திட்டமே ஆனாலும், கடை மூடி நகை வரவில்லை என்றால் போலீஸ் டான்பிட் பிரிவைப் போட்டு வழக்குப் பதிந்த சம்பவங்கள் பல.

ஒரு மாத வட்டி தவறினாலே புகார் கொடுக்கலாமா?

சட்டப்படி கொடுக்கலாம், வட்டி தவறுவதும் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறையில், முதலில் எழுத்தில் கேட்டு ஓர் ஆதாரத்தை உண்டாக்கிக்கொள்வது நல்லது. பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போதும்: ரசீது எண், தொகை, முதிர்வு தேதி, எந்த மாதத்திலிருந்து வட்டி நின்றது, எத்தனை நாளில் பதில் வேண்டும். உறை "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவே ஒரு சாட்சி.

"புகார் கொடுத்தால் முதலாளியை உள்ளே வைத்துவிடுவார்கள், அப்புறம் யாருக்குமே பணம் வராது" என்று ஏஜென்ட்டுகள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். இது கிட்டத்தட்ட எல்லா நிறுவனத்திலும் வரும் வசனம். காத்திருக்கும் அந்த ஆறு மாதத்தில்தான் மனை மச்சான் பேருக்கும் கார் டிரைவர் பேருக்கும் மாறும். சொத்து முடக்கம் புகாரிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் எதுவும் உறைவதில்லை.

யாரெல்லாம் குற்றவாளி ஆவார்கள்? கையெழுத்து மட்டும் போட்ட பங்குதாரர்? ஏஜென்ட்? கேஷியர்?

சட்டத்தின் சொல் "நிறுவன நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவரும்". பதவியின் பெயரைவிட, என்ன வேலை பார்த்தார் என்பதுதான் எடைபோடப்படும். நிர்வாக இயக்குநர், தினசரி வரவு செலவைப் பார்த்த பங்குதாரர், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் ஆகியோர் முதல் வரிசை. மனைவியின் பெயர் பங்குதாரர் பத்திரத்தில் மட்டும் இருந்து, அவர் அலுவலகத்துக்கே வந்ததில்லை என்றால், வழக்கில் பெயர் சேர்ந்தாலும் அவருடைய பங்கை அரசுத் தரப்பு தனியாக நிரூபிக்க வேண்டும். சம்பளத்துக்கு ரசீது எழுதிய கேஷியர் பெரும்பாலும் அரசுத் தரப்புச் சாட்சியாகத்தான் நிற்பார். நல்ல சாட்சியும் அவர்தான். எந்தப் பேரேடு எந்த அலமாரியில் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

ஏஜென்ட் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். சித்தியிடமும் சக ஆசிரியரிடமும் பேசி நாலு பேரைச் சேர்த்து, தன் பணத்தையும் போட்டு இழந்தவர் ஒரு வகை. கிளை போட்டு, மேடை ஏறி, ஒவ்வொரு லட்சத்துக்கும் கமிஷன் வாங்கியவர் இன்னொரு வகை. இரண்டாமவரைப் போலீஸ் நிர்வாகத்தில் ஒருவராகவே பார்க்கிறது. மோசடிப் பிரிவும் கூட்டுச் சதியும் அவர்மேல் சேரும்.

வழக்கு வரும் என்று தெரிந்ததும் ராஜினாமா செய்த இயக்குநர்கள் எப்போதும் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் கிடைக்கும். உங்கள் ரசீது தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டு நிறுவனம் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உள்ள நிறுவனப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள்.

தண்டனை எவ்வளவு?

டான்பிட் 5-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நிறுவனத்துக்கும் தனியாக 1 லட்சம் வரை அபராதம். வழக்கு இதோடு நிற்பது அரிது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, 409, 420 (நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல்) பிரிவுகளும், அதற்குப் பின் நடந்ததற்கு, அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகளும் கூடவே வரும். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. பல பிரிவுகள் ஒன்றுசேரும்போது தண்டனை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது அளவுகோல்.

2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம் இன்னொரு கோணத்தில் வருகிறது. அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதே குற்றம், பணம் தவறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரம் செய்து அழைத்தாலே 1 முதல் 5 ஆண்டு, வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு, வாங்கி மோசடியாகத் தவறினால் 3 முதல் 10 ஆண்டு. டான்பிட்டில் இல்லாத குறைந்தபட்சச் சிறை இதில் இருக்கிறது.

புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு. சென்னையில் தலைமையகமும், மாவட்டங்களில் பிரிவு அலுவலகங்களும் இருக்கின்றன. சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, மதுரை, கோவையில் இருக்கின்றன.

நாலு பக்கம் வேதனையை எழுதுவதைவிட ஒரு பக்கம் அட்டவணை போதும். ஒரு ரசீதுக்கு ஒரு வரி: ரசீது எண், பணம் கட்டிய தேதி, தொகை, கட்டிய விதம் (ரொக்கமா, காசோலையா, யுபிஐயா), சொன்ன வட்டி, முதிர்வு தேதி, இதுவரை வந்த வட்டி, இன்னும் வர வேண்டிய அசல். பின்னால் இணைக்க வேண்டியவை: ரசீது அல்லது பாண்டின் நகல், பணம் போனதையும் வட்டி வந்ததையும் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, விளம்பரத் துண்டறிக்கை, ஏஜென்ட்டுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், ஆதார் நகல், உங்கள் வங்கிக் கணக்கு விவரம். அசல் ரசீதைக் காட்டுங்கள், சுய சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். விசாரணைக்காக அசலை வாங்கினால் ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம், வெறும் ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாகக் கேள்வி கேட்பார்.

ரசீதில் நான்கு இடங்களைக் கூர்ந்து பாருங்கள். மேலே அச்சிட்ட பெயரும் கீழே உள்ள ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரே நிறுவனமா? கையெழுத்துக்குக் கீழே பதவி இருக்கிறதா? பின்பக்கப் பொடி எழுத்தில் "இது பங்கு முதலீடு" என்று ஏதாவது இருக்கிறதா? பணம் போன வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அநேகமாக ஒரே குடும்பம் நாலு பெயரில் நிறுவனம் நடத்தியிருக்கும். ஒரு பெயரை மட்டும் புகாரில் எழுதினால் மற்ற மூன்றின் சொத்தும் முடக்கத்திலிருந்து நழுவும்.

புகாரை வாங்க மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173(4)-இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, அதன் பிறகு நீதிமன்றத்தை அணுகலாம். 10 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் காலாவதி என்ற தடை இல்லை. ஆனால் பேரேடும் சிசிடிவி பதிவும் வங்கி ஊழியரின் நினைவும் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஏற்கெனவே எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. நான் என்ன செய்வது?

புதிய எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அதே குற்ற எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள், உங்கள் வாக்குமூலமும் தொகையும் அதே வழக்கில் சேரும். 'எல்லாரும் கொடுத்திருக்கிறார்களே' என்று சும்மா இருப்பவரின் பெயர் பட்டியலில் இருக்காது. பங்கீடு அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

"பழைய ரசீதைக் கொடுங்கள், புதுப்பித்துத் தருகிறோம்" என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். புதிய காகிதம் சில சமயம் பங்குச் சான்றிதழாக இருக்கும், சில சமயம் யாரோ ஒருவர் பெயரில் உள்ள மனைக்கான விற்பனை ஒப்பந்தமாக இருக்கும். மூலதனம் டெபாசிட் ஆகாது என்று மேலே பார்த்தோமே, அந்த ஓட்டையில் உங்களை இறக்கிவிடும் வேலை இது. முதிர்வுத் தேதியும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும்.

காசோலை கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்கலாமா?

தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போடுங்கள். திரும்பினால், வங்கியின் குறிப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் சேர்ந்தபின் 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, டான்பிட்டோடு சேர்த்தே நடத்தலாம். வழக்குப் போடும் கெடு தவறினால் மன்னிப்புக் கேட்டு மனுப் போட வேண்டிவரும், நோட்டீஸ் கெடு தவறினால் அந்த வழியும் இல்லை.

சொத்தை முடக்கி ஏலம் விடுவது எப்படி நடக்கிறது? ஏன் இத்தனை ஆண்டு?

போலீஸ் சொத்துகளைக் கண்டுபிடித்து அரசுக்குப் பட்டியல் அனுப்பும். டான்பிட் 3-ஆம் பிரிவின்படி அரசு இடைக்கால முடக்க ஆணை போடும். அந்த ஆணை தகுதி வாய்ந்த அதிகாரியிடம் போகும். வழக்கமாக அவர் மாவட்ட வருவாய் அலுவலர். அவர் சிறப்பு நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடுவார். நீதிமன்றம் நோட்டீஸ் விட்டு, "அது என் சொத்து" என்று வருபவர்களைக் கேட்டு, முடக்கத்தை உறுதி செய்யும். அதன் பின்னர்தான் ஏலம், பங்கீடு. கிரிமினல் விசாரணை வேறு தடத்தில் ஓடும். தண்டனை கிடைக்கும்வரை சொத்து வேலை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

முடக்கக்கூடியது நிறுவனத்தின் சொத்து மட்டும் இல்லை. அது போதாது என்றால் இயக்குநர், பங்குதாரர், மேலாளர் ஆகியோரின் சொத்து, நிறுவனத்திடம் கடன் வாங்கிக் கட்டாதவரின் சொத்து, டெபாசிட் பணத்தில் வேறொருவர் பெயரில் வாங்கிய சொத்து எல்லாம் வரும். நல்லெண்ணம் இல்லாமல் கைமாறியதை 8-ஆம் பிரிவு பிடிக்கிறது.

தாமதம் எங்கே? பெரும்பாலும் சர்வே எண்ணில். "அந்த பைபாஸ் பக்கத்து இடம்" என்ற தகவலை வைத்து அரசாணை போட முடியாது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, ஆவண எண், சார்பதிவாளர் அலுவலகம் எல்லாம் வேண்டும். உட்பிரிவு எண் ஒன்று தவறினால் திருத்த ஆணைக்கு மறுபடி கோட்டை வரை போய்வர வேண்டும். முதலீட்டாளர்கள் உருப்படியாக உதவக்கூடிய இடமும் இதுதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா விவரத்தோடு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஆர்ப்பாட்டத்தைவிட நாலு வில்லங்கச் சான்று வேலை செய்யும்.

கடைசியில் கைக்கு எவ்வளவு வரும்?

இருப்பதை எல்லாருக்கும் விகிதப்படி. உதாரணக் கணக்கு: பட்டியலில் உள்ள அசல் பாக்கி 12 கோடி, ஏலத்தில் வந்தது 3 கோடி என்றால் ரூபாய்க்கு 25 காசு. நீங்கள் 4 லட்சம் போட்டு, வட்டியாக 1 லட்சம் வாங்கியிருந்தால், அந்த 1 லட்சம் பொதுவாகக் கழிக்கப்படும். மிச்சம் 3 லட்சத்துக்கு 75,000. மாதம் 10 சதவீதம் தருவதாகச் சொன்ன வாக்குறுதியைக் கணக்கில் சேர்த்துக் கேட்பதில் பயன் இல்லை. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் டெபாசிட் வட்டி தர முடியாது.

அந்தச் சொத்து ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. நிறுவனமும் திவால் மனு போட்டிருக்கிறது.

இது உண்மையிலேயே சிக்கலான இடம். 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் முதலீட்டாளருக்கு முன்னுரிமை தந்தாலும், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் விலக்கு வைத்திருக்கிறது. மாநிலச் சட்ட முடக்கத்துக்கு நிலைமை வேறு. மகாராஷ்டிரா சட்டத்தின் கீழ் முடக்கிய சொத்தைப் பற்றி, நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் முதலீட்டாளர் பக்கம் நின்றது. டான்பிட்டும் அதே அச்சில் வார்த்த சட்டம் என்பதால், வங்கி ஆட்சேபம் தெரிவிக்கும்போது உங்கள் வக்கீல் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

சமரசம் பேச வருகிறார்கள். போகலாமா?

டான்பிட்டின் 5-ஏ பிரிவு சமரசத்துக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் பணம் கொடுத்த பிறகுதான். ஓட்டல் அறையில் 30 சதவீதம் வாங்கிக்கொண்டு "முழுத் தொகையும் பெற்றேன்" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தவர் பட்டியலிலிருந்து போய்விடுவார். நீதிமன்றத்தில் கட்டச் சொல்லுங்கள். ஜாமீன் மனு வரும் நேரம் இதற்குத் தோதானது. குறிப்பிட்ட தொகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் தருவது நடைமுறையில் உண்டு. அந்த நாளில் முதலீட்டாளர் தரப்பில் ஆட்சேப மனு இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் (சேர்த்த பிரிவுகளைப் பொறுத்து 90 நாள்) வராவிட்டால், நிபந்தனை பேச இடமில்லாமலே ஜாமீன் உரிமையாகிவிடும்.

ரொக்கமாகக் கொடுத்தேன். புகார் கொடுத்தால் வருமான வரித் துறை என்னைப் பிடிக்குமா?

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக டெபாசிட் வாங்கக் கூடாது என்ற வரிச் சட்ட விதியின் அபராதம் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல. உங்களைக் கேட்டால் கேட்கப்போவது பணம் எங்கிருந்து வந்தது என்பதை. நகை விற்ற பில், ஓய்வூதியப் பணம் எடுத்த பாஸ்புக் பக்கம், நிலம் விற்ற பத்திரம் எதுவோ அதை எடுத்து வையுங்கள். ரசீதே இல்லாத ரொக்கத்துக்கு, வட்டி வந்த வங்கிப் பதிவும் நிறுவனத்தின் கணினியில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலும் துணை.

நிறுவனம் நடத்துபவன் நான். நிஜமாகவே நஷ்டம். இப்போது என்ன செய்ய வேண்டும்?

இன்றே புதிய டெபாசிட் வாங்குவதை நிறுத்துங்கள். தர முடியாது என்று தெரிந்தபின் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் மோசடிப் பிரிவுக்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் ஆதாரம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் முழுத் தொகையைக் கொடுத்து முடிக்காதீர்கள். சொத்தைப் பெயர் மாற்றாதீர்கள், பேரேட்டையும் கணினியையும் தொடாதீர்கள். நஷ்டம் என்பது 5-ஆம் பிரிவுக்குப் பதில் ஆகாது. ஆனால் ஜாமீனிலும், தண்டனை அளவிலும், 5-ஏ சமரசத்திலும், சுத்தமான கணக்கோடும் விற்கக்கூடிய சொத்துப் பட்டியலோடும் தானாக முன்வந்தவரும், தலைமறைவாகி விமான நிலையத்தில் பிடிபட்டவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை.

பணம் போட்ட அப்பா இறந்துவிட்டார்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு அவர் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடமும், முடக்கம் உறுதியான பின் தகுதி வாய்ந்த அதிகாரியிடமும் மனுக் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் மாற்றிக் கொடுங்கள். பங்கீட்டுத் தொகை, மூடப்பட்ட கணக்குக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு வாய்தா.